ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் முடிச்சு

நவம்பர் 3, ஞாயிறு

வண்டி வந்து சேர்ந்தது. வந்து தொலைந்தது என்று எழுதத்தான் கை போகிறது.

மார்ச் மாதம் திம்பம் மலையில் வீட்டுக்காரரோடு விழுந்ததிலிருந்து மெக்கானிக் குணா பட்டறையில்தான் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். இவர்களாவது போடுவதாவது! பெட்ரோல் டேங்குக்குக் கருஞ்சிவப்புப் பெயிண்ட், புது சீட், புது சைலன்சர், எல்லாம் பண்ணி மேளம் மட்டும்தான் இல்லை, ஊர்வலமாகக் கொண்டுவந்து விட்டார்கள். கிளப் ஆட்கள் மொத்தமும் வாசலில். ஈரோட்டில் பழைய வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப். என் வீட்டுக்காரர் பூபதி அதில் ஆரம்பத்திலிருந்து இருக்கிறார். டைல்ஸ் கடை அப்புறம்தான்.

அந்த யெஸ்டி பைக்கில் கிக்கரும் கியரும் ஒரே கம்பி, இடது பக்கம். இவருக்கு உடைந்ததும் இடது கணுக்கால். உள்ளே பிளேட்டும் ஸ்க்ரூவும் இருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். அதற்கும் குணா வழி கண்டுபிடித்துவிட்டான். கியர் கம்பியில் பின்பக்கமாக ஒரு துண்டு வெல்டிங் வைத்து, ரப்பர் போட்டு, "கணுக்காலை மடக்கவே வேண்டாமுங்ணா, குதிகால்ல அமுக்குனாப் போதும்" என்று செய்து காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

"டிசம்பர் ஒண்ணாந்தேதி திம்பம். விழுந்த இடத்துலயே போயி நிக்கறோம்" என்றான்.

இவர் சிரித்தார். நான் டீ போட உள்ளே போய்விட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். எல்லாரும் குடித்துவிட்டு நல்லாருக்குதுங்க்கா என்றார்கள்.

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் வண்டியைத் துடைத்தேன். வாசலில் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அழுக்கு வண்டியைப் பார்க்கக் கூடாதல்லவா.

சாயங்காலம் இவர் உதைத்து உதைத்துப் பார்த்தார். ஸ்டார்ட் ஆகவில்லை. வலது காலால்தான் உதைக்கிறார், வண்டிக்கு இடப்பக்கம் நின்றுகொண்டு. பார்க்க முடியவில்லை, உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

குணா வந்து இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். பிளக்கின் மேல் இருக்கும் தொப்பி கழன்றிருந்ததாம். "தொடைக்கறப்ப கை பட்டிருக்குமுங்க்கா" என்று அவனே காரணமும் சொன்னான். ஆமாம், பட்டிருக்கும்.

அப்புறம் டீ குடித்துக்கொண்டே கதை. கோளாறு கதை சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கூட்டத்துக்குப் பொழுது போவதே தெரியாது. ஒருத்தர் வண்டி தினமும் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுமாம். என்னென்னவோ மாற்றினார்களாம். கடைசியில் பார்த்தால் பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுப் போக இருக்கும் சின்ன ஓட்டை அடைத்திருந்ததாம். உள்ளே காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. "மூடியைத் தெறந்து பெட்ரோல் இருக்குதான்னு பாப்பாங்க, அப்ப காத்துப் போயிரும், வண்டி கெளம்பிரும். மறுக்கா நின்னுரும். பேய் புடிச்ச மாதிரி!" என்று குணா சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சொன்ன கையோடு இவர் வண்டி மூடியைக் கழற்றி, வாயால் ஊதிப் பார்த்து, "இது சுத்தமா இருக்குது" என்று மாட்டினான்.

கிளப்பில் இருக்கும் ஜமீல் இன்னொரு கதை சொன்னான். டேங்க் ஒழுகினால் துணி சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பிவிடலாமாம். பெட்ரோல் சோப்பைக் கரைக்காதாம்.

நல்ல பிள்ளைகள். எல்லாம் சொல்லித் தருகிறார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

துணியில் கோடு போட வைத்திருந்த சோப்புச் சில்லு ஒன்றைக் காணோம். எங்கே போயிருக்கும், இங்கேதான் எங்காவது இருக்கும்.

நவம்பர் 17, ஞாயிறு

இவர் முதல் தடவையாகத் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு போனார். சித்தோடு பக்கம் நின்றுவிட்டதாம். டேங்கைத் திறந்து பார்த்தாராம், பெட்ரோல் இருந்ததாம். உதைத்ததும் கிளம்பியதாம். அங்கேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இங்கே எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள். ஆமாம், நான்தான். தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சோப்பை அந்த ஓட்டைக்குள் திணித்து, மிச்சத்தை மூடியின் உள்பக்கம் கட்டியாக அப்பிவிட்டேன். பெரிய வேலையே இல்லை.

ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பிரேக்கைத் தொட மாட்டேன். சக்கரத்தைத் தொட மாட்டேன். கொன்றுவிடக்கூடிய எதையும் தொட மாட்டேன். வண்டி ஓடாமல் இருந்தால் போதும். ஓடாத வண்டி யாரையும் எங்கேயும் தள்ளிவிடாது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்தக் காலைப் பார்த்தவள் நான். பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை. இவர்கள் யாருக்காவது அது கனவில் வருகிறதா?

எனக்கு வருகிறது.

நவம்பர் 20, புதன்

குணா கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, மாட்டினான். தீப்பொறி விழும் பாயிண்ட்டை மாற்றினான். மூடியை மறுபடி பார்க்கவே இல்லை. அதைத்தான் அன்றைக்கே பார்த்தாகிவிட்டதே! சின்னக் கோளாறாக இருந்துவிட்டால் இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். பெரிதாகத் தேடுகிறார்கள். ராத்திரி பகலாக வாட்ஸ்அப்பில் அதே பேச்சு.

இன்று மதியம் இவர் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், வண்டி மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். இடது காலைக் கம்பி மேல் வைப்பதும் எடுப்பதுமாக. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முகம் வேர்த்திருந்தது. நவம்பர் மாதம், வெயில்கூட இல்லை. அப்போது குணா போன் பண்ணினான். "இன்னும் நிக்குதுப்பா, என்னன்னே தெரியல" என்று இவர் சொன்ன குரலைக் கேட்க வேண்டுமே, ஏதோ கல்யாணச் சேதி சொல்கிற மாதிரி.

வண்டி மக்கர் பண்ணுகிற நாளில் இரண்டு வாய் சோறு அதிகம் இறங்குகிறது இவருக்கு. ஆண்களை யார் புரிந்துகொள்வது.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று ஜமீலும் கூடப் போனான், கண்டுபிடித்தே தீருவது என்று. பெருந்துறை ரோட்டில் நின்றது. ஜமீல் டேங்கைத் திறக்கப் போனானாம். "விடு, நான் பாக்கறேன்" என்று இவரே திறந்து பார்த்து மூடினாராம். ஜமீல் என்னிடம் சொல்லிச் சிரித்தான். "அண்ணன் அந்த டேங்கைத் தொடவே விடமாட்டேங்கறாருங்க்கா, புதுப் பெயிண்ட்டுல கீறல் உழுந்துருமாமா!"

சாயங்காலம் எல்லாரும் வாசலில் கூடினார்கள். வயரிங் பூராவும் மாற்றியிருக்கிறான் குணா. "பூபதியண்ணன் வராம திம்பம் ரைடு கெடையாது. வண்டி நின்னா நாங்களும் நிப்போம்" என்றான்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரைடு கிளம்பும் முன் ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். சொந்த வண்டியின் குறை சொந்தக் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். பார்த்து முடித்தவர் ஒரு மஞ்சள் கிழங்கை மஞ்சள் நூலில் கோத்து ஹேண்டில்பாரில் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போட்டால் வண்டிக்கு அவர் பொறுப்பு. முடிச்சை அவிழ்க்கிற உரிமையும் அவருக்கு மட்டும்தான். அவிழ்த்துவிட்டால் அன்றைக்கு அந்த வண்டி போகாது, ஏன் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் இரண்டொரு தடவை அப்படி நடந்திருக்கிறது. யாரும் கேட்டதில்லையாம்.

"இந்தத் தடவ பூபதியண்ணன் வண்டிக்கு அக்கா முடிச்சுப் போடட்டும். டெய்லி தொடைக்கறாங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?" என்றான் குணா.

எல்லாரும் கை தட்டினார்கள். இவர்களுக்குக் கை தட்ட ஒரு காரணம் கிடைத்தால் போதும். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 28, வியாழன்

எடுத்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். மூடியில் கை வைத்தேன். இவர் மாடிப்படியில் சுவரைப் பிடித்து இறங்கி வருகிற சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம்.

எடுக்கவில்லை.

நவம்பர் 30, சனி

சாயங்காலம் வண்டிகிட்ட போனால் இவர் அங்கே இருந்தார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு. "என்ன?" என்றார். "துணி காயப்போட வந்தேன்" என்றேன். கையில் துணியே இல்லை. அவரும் கேட்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தோட்டில் நின்றது, பெருந்துறை ரோட்டில் நின்றது. நாளைக்கும் கவுந்தப்பாடி தாண்டாது. சமவெளி ரோடு, பட்டப்பகல், சுற்றிலும் பத்துப் பேர். ஓரமாக நிற்பார், திரும்பி வருவார். இதற்கு மேல் இந்த வண்டி வேலைக்கு ஆகாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

டிசம்பர் 1, ஞாயிறு, காலை

முடிச்சுப் போட்டேன்.

எல்லார் முன்னாலும் பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன், செயினைத் தொட்டேன், விளக்கைப் போட்டு அணைத்தேன். மூடியைத் தொடவில்லை. "சரியாருக்குதுங்களா அக்கா?" என்றான் குணா. "இருக்குது" என்றேன். நூல் வழுக்கியது, மறுபடி சுற்றினேன். இவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா இறுக்கிப் போடு" என்றார்.

போய்விட்டார்கள்.

கவுந்தப்பாடியில் நிற்கவில்லை. கோபியில் டீ குடிக்கிற போட்டோ குரூப்பில் வந்திருக்கிறது. இவர் ஓரமாக நிற்கிறார். எப்படி? எப்படிக் கோபி போனது?

இப்போது சத்தியமங்கலம் தாண்டிவிட்டதாக ஜமீல் போட்டிருக்கிறான். "அண்ணன் வண்டி பட்டாசு!"

சோப்புக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இடுக்கு வழியாகக் காற்றுப் போகிறது போல. மறுபடி எப்போது அடைக்கும்? மேடு ஏறும்போதா? கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருக்கையில் இன்ஜின் நின்றால் வண்டி பின்னால் உருளும். பின்னால் கரும்பு லாரி. வண்டியை நிறுத்த இடது காலைத்தான் ஊன்றுவார். அந்தக் காலை!

பிரேக்கைத் தொட மாட்டேன் என்று என்ன பெருமை எனக்கு. நான் தொட்டதுதான் கொல்லக்கூடியது. கடவுளே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன் எடுக்க மாட்டேன் என்கிறார். குணாவும் எடுக்கவில்லை. போகிறேன்.

டிசம்பர் 1, சாயங்காலம்

அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. முதலில் எழுதிவிடுகிறேன்.

ஸ்கூட்டியில் நான் அவ்வளவு தூரம் போனதே இல்லை. கோபியில் நின்று போன் பண்ணினேன், "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றாள். சத்தியமங்கலத்தில் பண்ணினேன், அதையேதான் சொன்னாள். எதிரில் ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டி, ஒரு மாட்டு வண்டியில் மோதப் போனேன். ஓட்டி வந்த பெரியவர், "ஏம்மிணி, கண்ணு எங்க வெச்சிருக்கற?" என்று கத்தினார். எங்கே வைத்திருக்கிறேனோ!

பண்ணாரி கோயில் தாண்டி, மலை ஆரம்பிக்கும் முன்னால், மரத்தடியில் கிளப் வண்டிகள் வரிசையாக நின்றன. கருஞ்சிவப்பு டேங்க் கண்ணில் பட்டது. பக்கத்தில் கல் மேல் இவர் உட்கார்ந்திருந்தார். முழுசாக. ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போடாமலே இறங்கிவிட்டேன், அது பொத்தென்று விழுந்தது.

"அக்கா! நீங்க எங்க இங்க?" குணா ஓடி வந்தான். கையெல்லாம் கிரீஸ். பாவம், கார்புரேட்டரைக் கழற்றித் துண்டில் பரப்பி வைத்திருந்தான். "இங்க வரைக்கும் தங்கமாட்டம் வந்துதுங்க. மலையைப் பாத்ததும் நின்னுருச்சுங்கறாரு. ஒதச்சுப் பாத்தும் கெளம்பலீன்னாரு, அதான் ஒடனே கழட்டிட்டேனுங்க."

நின்னுருச்சுங்கறாரு.

நான் நேராகப் போய் டேங்க் மூடியைத் திறந்தேன். ஓட்டை அடைத்திருந்தால் வரும் புஸ் என்ற சத்தம் வரவில்லை. மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. சோப்பு இல்லை. சுத்தமாகக் குச்சி விட்டுக் குடைந்து எடுத்திருந்தது.

இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது. வலியில் ஆடுகிற ஆட்டம் இல்லை அது. ஆஸ்பத்திரியில் வலியைப் பார்த்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியும்.

அதற்குள் குணா கார்புரேட்டரை மாட்டிவிட்டான். "இப்ப நானே ஒதச்சுப் பாத்தர்றேன்" என்று உதைத்தான். ஒரே உதை. வண்டி கணீரென்று பிடித்துக்கொண்டது.

எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாக இவர் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். ஜமீல் ஏதோ கேட்க வாயைத் திறந்தான்.

நான் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். ஹேண்டில்பாரில் இருந்த முடிச்சை அவிழ்த்தேன். இறுக்கிப் போட்டிருந்தேன், நகத்தால் வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தேன். மஞ்சள் கிழங்கை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"முடிச்சு நான் போட்டது. சரியாப் பாக்காமப் போட்டுட்டேன். வண்டி இன்னைக்கு மலை ஏறாது" என்றேன்.

ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதானே அவர்கள் சட்டம். குணா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரிங்க்கா" என்றான். "பசிக்குது, வாங்கடா, சாப்புட்டுட்டுத் திரும்பலாம்" என்று எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போனான். அவர்களும் மலை ஏறவில்லை.

யெஸ்டியை ஜமீல் ஓட்டி வந்தான். இவர் என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார். சத்தி தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"சித்தோட்டுலயே பாத்துட்டேன். மூடிக்குள்ள சோப்பு."

எனக்கு ஹேண்டில் ஒரு ஆட்டம் ஆடியது. "பாத்துட்டு ஏனுங்க எடுக்கல?"

"எடுத்தா ஓடுமே."

காற்றில் சரியாகக் கேட்கவில்லையோ என்று வண்டியை மெதுவாக்கினேன்.

"எனக்கு பயமா இருக்குது சுகந்தி. கம்பி மேல கால் வெச்சாலே அந்தச் சத்தம் கேக்குது, எலும்பு சத்தம். அவனுக எனக்காக எட்டு மாசமா வண்டியைப் பண்ணிருக்கறானுக. அவனுககிட்ட எப்படிச் சொல்றது? நீ அடைச்சது எனக்கு வசதியாப் போச்சு. அடைச்சவ நீன்னு தெரிஞ்சும் கோவமே வரல. நல்லவேளைன்னு இருந்துச்சு."

"அப்பறம் நேத்து ஏன் எடுத்தீங்க?"

"நீ முடிச்சுப் போடணும்னு சொல்லிட்டானே. உன் கையால பொய் முடிச்சு வேண்டாம்னு எடுத்துட்டேன்."

நான் பொய் என்று நினைத்துப் போட்ட முடிச்சு அது. இவர் அதற்கு முந்தின நாளே அதை நிஜமாக்கி வைத்திருக்கிறார். அந்தக் காலோடு கோபி வரைக்கும், சத்தி வரைக்கும், பண்ணாரி வரைக்கும் ஓட்டியிருக்கிறார், மலையடியில் தானே அணைத்திருக்கிறார். நான் வீட்டில் உட்கார்ந்து ஏன் இன்னும் நிற்கவில்லை என்று மணி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க முடியாது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினேன். ஈரோடு வந்ததும் "மூக்கை உறிஞ்சாத, ஜலதோஷமா?" என்றார் மனுஷன்.

டிசம்பர் 2, திங்கள்

எட்டு பிளவுஸ் பாக்கி. ஒன்றுகூடத் தொடவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

மதியம் சாப்பிட வந்தவர், என் எதிரிலேயே குணாவுக்குப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டார். எனக்காகவா, தைரியத்துக்காகவா தெரியாது.

"வண்டியில ஒண்ணுமில்ல குணா. எனக்குத்தான் பயமா இருக்குது. மலைன்னா கால் நடுங்குது."

அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அதுவும் நின்றது.

"அன்னைக்கு உங்களுக்குப் பின்னாடி வந்தவன் நானுங்ணா. உங்களைத் தூக்குனவன். எனக்கும் அந்த வளைவுல இன்னும் கை நடுங்குதுங்க. நீங்க வந்தாத்தான் எனக்குச் சரியாப் போகும்னு உங்களைப் போட்டு இழுத்துட்டு இருந்தேன்."

இவர் கண்ணை மேல்துண்டில் துடைத்துக்கொண்டார்.

"திம்பம் எங்கியும் ஓடிப் போயிராதுங்ணா. ஞாயித்துக்கெழமை கவுந்தப்பாடி போலாம். வடை தின்னுட்டு வந்தர்லாம். அக்காகிட்ட முடிச்சுப் போடச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் பொறுமையாகப் பார்த்தேன். பிரேக், செயின், விளக்கு. அந்தக் கியர் கம்பியைக் கையால் அமுக்கிப் பார்த்தேன், வெல்டிங் வைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அப்புறம் இவரை மேலே உட்காரச் சொல்லிக் குதிகாலை வைக்கச் சொன்னேன். வைத்தார். "எடுங்க. மறுபடி வைங்க." வைத்தார். கொஞ்சம் ஆடியது, நின்றது.

"மூடியைப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். ஊதியும் பாத்தேன்."

மஞ்சளைக் கட்டினேன். இவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உதைத்தார், கிளம்பிப் போனார். என் சோப்புச் சில்லு. குச்சியால் நோண்டியதில் பாதி உடைந்திருந்தது.

சத்தம் மூலை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றேன். அப்புறமும் நின்றேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன்.

உள்ளே வந்து பிளவுஸ் துணியை மேஜையில் விரித்து, அந்தச் சில்லாலேயே கைக்குக் கோடு போட்டேன். பெட்ரோல் வாசம் அடித்தது. கோடு நேராக வரவில்லை. பரவாயில்லை, வெட்டும்போது சரி பண்ணிக்கொள்ளலாம்.